தள்ளு மாமாவின் கதவு

கதவு தட்டும் சத்தம் கேட்டபோது ரேடியோ பேசிக்கொண்டிருந்தான். அதில் ஆச்சரியம் இல்லை. தூக்கத்திலும் வாய் ஓயாதவன் என்பதால்தான் அவனுக்கு அந்தப் பெயரே வந்தது. சத்தம் கேட்டதும் வாயை மூடினான் என்பதுதான் ஆச்சரியம்.

டக். டக் டக்.

பொது நூலகத்தின் பின்பக்க வாசிப்புக் கூடம் அது. கரி பிடித்த சுவர்களுக்கு அவசர அவசரமாக வெள்ளை அடித்திருந்தார்கள். அப்படியும் புகையின் நிறம் வெள்ளையைத் தாண்டி ஆங்காங்கே எட்டிப் பார்த்தது. கூடத்தின் கடைசியில் ஒரு பச்சை இரும்புக் கதவு. அதன் மேல் சிவப்பு எழுத்தில் 'அவசர வழி'. அதற்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், 'தள்ளு'.

டக். டக் டக்.

"மேடம், கேட்டுச்சா?" என்றான் ரேடியோ, பாதிக் குரலில்.

"கேட்டுச்சு."

"மத்தியானத்துல பேய் வரக்கூடாதுன்னு சட்டம் இல்லைதான். இருந்தாலும் சாப்பாட்டு நேரம்னு ஒரு மரியாதை வேணாமா? நான் வேணா முன்வாசல்ல போய்க் காவல் இருக்கட்டுமா?"

"இரு. கதவைத் தொடாதே. திறந்தா ஓடிடும்."

"அது ஓடினா நல்லதுதானே மேடம்? அது ஓடாட்டி நான் ஓடணும்."

அந்த அம்மாளுக்கு ஊசி என்று பெயர் வைத்தது அவரிடம் மாட்டிக்கொண்டவர்கள். பெரும்பாலும் ஒற்றைச் சொல்லில்தான் கேள்வி கேட்பார். துப்பறிவதைத் தொழிலாக்கிக்கொள்வதற்கு முன்னால் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கட்டடங்களைப் பார்வையிடும் வேலையில் இருந்தவர். கரி வாசனை பட்டால் மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள், ஊசிக்கு அப்போதுதான் கண் திறக்கும்.

அவர்களுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள் ஒரு இளம்பெண். மருந்துக்கடையில் வேலை. இந்த வழக்கை ஊசியிடம் கொண்டுவந்தவள் அவள்தான். தட்டும் சத்தத்துக்கு அவள் பயப்படவில்லை. ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் அவள் கண் இமை துடித்தது.

"அப்பாதான்னு எல்லாரும் சொல்றாங்க, அண்ணா. தினமும் இந்த நேரத்துக்குத் தட்டுறாராம். திறக்கச் சொல்லித் தட்டுறாராம்" என்றாள் ரேடியோவிடம்.

அவளுடைய அப்பா இந்தக் கட்டடத்தின் பராமரிப்பு வேலைக்காரர். மாதம் தவறாமல் தீ ஒத்திகை வைப்பார். வாசகர்களை வரிசையாக நிறுத்தி, "ஓடாதே, முட்டாதே, கதவைத் தள்ளு! தள்ளு!" என்று தொண்டை கிழியக் கத்துவார். படிக்க வந்த பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் தள்ளு மாமா. போன வெயில் காலத்தில் பழைய பேப்பர் அறையில் மின்கசிவால் தீப்பிடித்தது. முன்பக்கம் இருந்தவர்கள் முன்வாசல் வழியாகத் தப்பித்தார்கள். பின்பக்கம் மாட்டிக்கொண்ட இரண்டு கல்லூரி மாணவிகளும் தள்ளு மாமாவும் இந்தப் பச்சைக் கதவின் உள்பக்கம் புகையில் மூச்சடைத்து இறந்துபோனார்கள். கதவு பூட்டியிருந்தது. சாவி பூட்டிலேயே, உள்பக்கம், அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஏன் சாகவேண்டும்? விசாரணைக் குழு அதற்குச் சுலபமாகப் பதில் கண்டுபிடித்துவிட்டது. அவசர வழியைப் பூட்டிவைத்தவர் அவர். ஆபத்து நேரத்தில் கை பதறித் திறக்க முடியாமல் போனவரும் அவர். நாளைக்கு அறிக்கையில் கையெழுத்து.

"செத்துப்போன பொண்ணோட அம்மா ஒருத்தங்க தினமும் எங்க கடைக்கு எதிர்ல வந்து நிப்பாங்க. மருந்து வாங்க மாட்டாங்க. 'சாவி உங்கப்பாகிட்டதானே இருந்துச்சு?'ன்னு கேப்பாங்க. அவ்வளவுதான். நான் என்ன சொல்றது மேடம்? அப்பா கண் ஆபரேஷனுக்கு லீவு போட்டுட்டு அன்னிக்குத்தான் திரும்ப வேலைக்குப் போனாரு. கறுப்புக் கண்ணாடியோட சிரிச்சுக்கிட்டே போனாரு. அவர் பூட்டியிருக்க மாட்டாரு."

வெளியே தட்டுவது நின்றது. ஊசி கதவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரேடியோ. இந்தக் கால்மிதி?"

"நல்ல கால்மிதிதான் மேடம். நல்வரவுன்னு எழுதியிருக்கு."

"யாருக்கு?"

ரேடியோ யோசித்தான். தீப்பிடித்தால் மட்டும் திறக்கிற கதவு அது. அந்த வழியாக உள்ளே யாரும் வருவதில்லை. வராத ஆளுக்கு நல்வரவு எதற்கு? போதாததற்கு அந்தக் கால்மிதியைப் பசை போட்டுத் தரையோடு ஒட்டியிருந்தார்கள். ஊசி ஒரு மூலையைக் கிளப்பினார். ரேடியோவும் சேர்ந்து இழுக்க, அது சரசரவென்று உரிந்து வந்தது.

அடியில், மொசைக் தரையில், ஒரு கீறல். கதவின் ஓரத்தில் தொடங்கி, கூடத்துக்குள்ளே வளைந்து வந்து நின்றது. யாரோ பெரிய காம்பஸ் வைத்துக் கால் வட்டம் போட்ட மாதிரி இருந்தது.

"கதவு தரையில உரசின கோடு. ஆனா கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவாச்சே மேடம்? கோடு உள்ள இருக்கு!"

"அதான்" என்றார் ஊசி.

"யாரு தரையைப் பேர்க்கிறது?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நிர்வாகி. சட்டையின் மடிப்பு கலையாதவர். விரலில் கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்தார். பெண்ணைப் பார்த்ததும் சுழற்றுவதை நிறுத்தி, முகத்தில் கொஞ்சம் துக்கத்தை வரவழைத்துக்கொண்டார்.

"பாரும்மா, உங்கப்பா நல்ல மனுஷன்தான். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா இந்தக் கதவால வாசகர் யாரும் இந்தப் பக்கமே வர்றதில்லை. நாளைக்குக் கொத்தனாரை வரச் சொல்லியிருக்கேன். கதவை எடுத்துட்டுச் சுவர் வெச்சு அடைச்சுடுவோம். பேயும் போகும், பேச்சும் போகும்."

"அவசர வழி?" என்றார் ஊசி.

"அதான் முன்வாசல் இருக்கே."

"கதவு?"

"எப்பவும் வெளிப்பக்கம்தாங்க திறக்கும். விதி அப்படித்தானே? விசாரணைக் குழுவே தள்ளிப் பாத்துட்டுப் போச்சு."

"அபாய மணி?"

"மணிக்கு வயசாயிடுச்சு. அன்னிக்கு அடிக்கல. ஒரு கட்டடம்னா ஆயிரம் இருக்கும், எதைன்னு பாக்கிறது?"

சுவரில் தொங்கிய தீயணைப்பானின் கழுத்தில் நிர்வாகியின் குடை மாட்டியிருந்தது. ரேடியோ அதன் சீட்டைப் படித்தான். "கவலைப்படாதீங்க சார். இதுல கேஸ் நிரப்பின தேதியில நான் அரை டவுசர் போட்டிருந்தேன். தீப்பிடிச்சா குடையையாவது விரிச்சுப் பிடிச்சுக்கலாம்."

நிர்வாகி சிரிக்கவில்லை. கால்மிதி இருந்த இடத்தை அவர் கண் ஒரு முறை தொட்டுவிட்டு, சட்டென்று விலகியது. "ரொம்ப நேரம் இருக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டார்.

ஊசி முன்வாசல் வழியாக வெளியேறி, கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனார். மற்ற இருவரும் பின்னாலேயே ஓடினார்கள்.

பின்பக்கம் ஒரு குறுகலான சந்து. மதில் நிழல் முழுவதும் அங்கேதான் விழுந்தது. அந்த நிழலில், பச்சைக் கதவை ஒட்டி, நிர்வாகியின் வெள்ளைக் கார் நின்றிருந்தது. கதவுக்கும் காருக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம். அதற்கு மேல் இடமில்லை.

"யாருமே இல்லை மேடம். பேய் காத்தோட போயிடுச்சு" என்றான் ரேடியோ.

"காரைப் பாரு."

கார் முழுக்கத் தூசி. கதவைப் பார்த்த பக்கத்தில் மட்டும், இடுப்பு உயரத்தில், தூசி துடைத்துப் பளபளவென்று இருந்தது. தினமும் யாரோ உரசி உரசி நுழைந்த தடம்.

"பேய்க்கு இடுப்பு இருக்கு!" என்றான் ரேடியோ.

"கீழே?"

தரையில் ஒரு ஈர வட்டம், நிழலில் இன்னும் காயாமல் இருந்தது. பக்கெட் வைத்த அச்சு. குனிந்து மோந்தவனின் மூக்கில் ஃபினாயில் ஏறியது. "பேய் பக்கெட்டோட வேற வருதா! இவ்வளவு சுத்தமான பேயை நான் பாத்ததே இல்லை மேடம்."

ஊசி அதற்குள் காரின் பக்கத்தில் குனிந்திருந்தார். கார்க் கதவின் நடுவில் பிறை வடிவத்தில் ஒரு பழைய நசுங்கல். நசுங்கலுக்குள் ஒரு கீற்றுப் பச்சை பெயின்ட். அதை நகத்தால் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்தார்.

சந்தின் முனையில் துப்புரவுச் சாமான் வைக்கும் சின்ன அறை. அதன் வாசலில் ஒரு நடுவயதுப் பெண் மாப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். கட்டடத்தின் துப்புரவுக்காரி.

"தட்டுறது நீங்கதானே?" என்றார் ஊசி.

மாப்பு கையிலிருந்து நழுவி விழுந்தது. அவள் ஊசியைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற பெண்ணைத்தான் பார்த்தாள்.

"பாப்பாவை அனுப்பிடுங்கம்மா. அது இருக்கும்போது என்னால முடியாது."

"நான் போகமாட்டேன் அக்கா" என்றாள் பெண். "எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"யாரையும் பயமுறுத்தத் தட்டல கண்ணு. அவர்கிட்ட கேக்கத்தான் தட்டுறேன். எதுக்குய்யா என் முகத்துல கதவைப் பூட்டினேன்னு." துப்புரவுக்காரி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "அன்னிக்கு நானும் அந்தக் கூடத்துலதான் இருந்தேன். புகையைப் பாத்ததும் முதல் ஆளா ஓடினேன். கதவை இழுத்தேன், வெளியில வந்து விழுந்தேன். கதவு பின்னாடியே தானா சாத்திக்கிச்சு. அவங்களும் வருவாங்கன்னு பாக்கிறேன், வரல. திரும்பி வந்து கதவைத் தள்ளினேன். உள்ளேயிருந்து யாரோ அமுக்கிப் பிடிக்கிறாங்க! நான் தள்ளத் தள்ள அந்தப் பக்கமும் பலமா அமுக்குது. அவர் குரல்தான். 'தள்ளு, விடாதே, தள்ளு'ன்னு அந்தப் பொண்ணுங்ககிட்ட கத்துறாரு. என்னை உள்ள விடக்கூடாதுன்னு தள்ளச் சொல்றாரா? எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் 'டக்'னு பூட்டு விழுந்துச்சு. கை வீங்கற வரைக்கும் தட்டினேன். திறக்கல."

"விசாரணையில?"

"எப்படிம்மா சொல்வேன்? இப்ப கை பதறிடுச்சுன்னாவது சொல்றாங்க. நான் வாயைத் திறந்தா, வேணும்னே பூட்டிக் கொன்னாருன்னு ஆயிடும். வயசுப் பொண்ணு ஒண்ணு வெளியில தலை காட்ட வேணாமா? அதான் முழுங்கிட்டேன்."

பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை. இத்தனை மாதமாக அவள் தேடிய சாட்சி இதுதான். அந்தச் சாட்சியே அவள் அப்பாவைக் கொலைகாரராக்கிவிட்டது. வழக்கு இன்றோடு முடிந்தது, தோற்றோம் என்றே ரேடியோ நினைத்தான்.

ஊசிக்கு மட்டும் கண் மின்னியது. "கதவை என்ன செஞ்சீங்கன்னு சொன்னீங்க?"

"இழுத்தேன்."

"இழுத்தீங்க. ஒத்திகையில சொல்லித்தரலையா?"

"ஒத்திகையா? நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகல. அவரையே அன்னிக்குத்தான் முதல்ல பாத்தேன். சேர்ந்த நாள்லேருந்து அந்தக் கதவை இழுத்துத்தான் குப்பை கொண்டுபோவேன். தரையில கரகரன்னு தேச்சுக்கிட்டுத்தான் திறக்கும்."

ஊசி சாமான் அறைக் கதவைப் பார்த்தார். உள்பக்கம் திறக்கிற மரக்கதவு. துப்புரவுக்காரி உடை மாற்றும்போது பூட்டிக்கொள்வதற்காகச் சாவி உள்பக்கமே செருகியிருந்தது.

"ரேடியோ, உள்ளே போ."

"எதுக்கு மேடம்?"

"போன்னா போ."

போனான். கதவைச் சாத்தினார்கள். உள்ளே ஜன்னல் இல்லை. ஃபினாயிலும் ஈரத்துணியும் கலந்த வாசனை மூக்கை அடைத்தது. இருட்டில் ஒரு துடைப்பம் அவன் தோளில் சாய, அவன் அலறினான்.

"தள்ளு ரேடியோ!" வெளியிலிருந்து ஊசியின் குரல் சாட்டை மாதிரி விழுந்தது. "தள்ளு! தள்ளு!"

மேடம் கத்தினால் அவன் கை யோசிக்காது. இரண்டு உள்ளங்கையும் வைத்துத் தள்ளினான். கதவு அசையவில்லை. தோளைக் கொடுத்தான். அசையவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு பலம் இருந்தது; இரண்டு கைகள் அவன் கைகளுக்கு நேராக அழுத்துவது அவனுக்குத் தெரிந்தது. தள்ளத் தள்ள அதுவும் தள்ளியது. அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. பூட்டிவிட்டார்கள்! விளையாட்டுக்குப் பூட்டிவிட்டார்கள்! விரல் தடவிக்கொண்டு போய்ச் சாவியில் இடறியது. அப்பாடா என்று திருப்பினான்.

டக்.

மறுபடி தள்ளினான். அசையவில்லை. வெளியே ஒரு பெண் 'ஐயோ' என்று அலறினாள்.

"போதும்" என்றது ஊசியின் குரல், இப்போது மெதுவாக. "சாவியைத் திரும்பத் திருப்பிட்டு, இழு."

இழுத்தான். கதவு சாதுவாகத் திறந்தது. வெளிச்சத்தில் துப்புரவுக்காரி தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத்தான் ஊசி வெளியிலிருந்து தள்ள வைத்திருந்தார்.

"அதே பலம்மா... அதே சத்தம்..." என்றாள்.

"ரேடியோ, சாவியை எதுக்குத் திருப்பினே?"

"பூட்டியிருக்குன்னு நினைச்சேன், மேடம். தள்ளினா திறக்கலையே. திறக்கத்தான் திருப்பினேன்."

"திறந்த கதவைப் பூட்டினே."

மதிலுக்கு அப்பால் ஏதோ ஒரு வண்டி போனது.

ஊசி அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். வழக்கமாகச் சிக்கனமாகப் பேசுகிறவர், அன்று அவளுக்காக முழு வாக்கியங்களாகச் சொன்னார். "உங்கப்பா லீவுல இருந்தப்போ யாரோ அந்தக் கதவை உள்பக்கம் திறக்கிற மாதிரி மாத்தி மாட்டியிருக்காங்க. அவசரத்துல மாட்டினதால தரையில உரசியிருக்கு. அவர்கிட்ட யாரும் சொல்லல. 'தள்ளு'ங்கிற எழுத்தையும் மாத்தல. அன்னிக்கு அவர் தான் சொல்லிக்குடுத்ததைத்தான் செஞ்சார். இந்த அம்மா வெளியிலேருந்து தள்ளினாங்க. அவங்க மூணு பேரும் உள்ளேயிருந்து தள்ளினாங்க. காப்பாத்த வந்த கையும் தப்பிக்கப் பாத்த கையும் ஒண்ணையொண்ணு தடுத்துக்கிச்சு. அவர் சாவியைத் திருப்பினது பூட்ட இல்லம்மா. திறக்க."

பெண் அழவில்லை. துப்புரவுக்காரியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவளுடைய விரிந்த கைகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தன் அப்பாவின் கை கடைசியாகத் தள்ளியது இந்தக் கைகளைத்தான் என்று அவளுக்குப் புரிந்திருந்தது. இறந்தவரைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டே, வாய் திறக்காமல் அவருடைய மகளைக் காப்பாற்றியவளும் இவள்தான்.

"இனிமே தட்டாதீங்க அக்கா. அவர் உங்களைத் தடுக்கப் பூட்டல" என்றாள். அப்போதுதான் அழுகை வந்தது, இருவருக்கும் சேர்த்து.

ரேடியோ மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ஆனா மேடம், எதுக்கு மாத்தினாங்க? அவசரக் கதவை உள்பக்கமா மாட்ட எவனுக்கு என்ன பைத்தியம்?" என்று கேட்டான்.

ஊசி எழுந்தார். "வா. கதவையே கேப்போம்."

மறுபடி கூடத்துக்குள் வந்தார்கள். உரிந்து கிடந்த கால்மிதியைத் தாண்டி, நால்வரும் பச்சைக் கதவின் முன்னால் நின்றார்கள். பூட்டைப் போலீஸ் எடுத்துப்போயிருந்தது; இப்போது வெறும் தாழ்ப்பாள்தான். கதவைத் திரும்பவும் வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டி, குழுவுக்குக் காட்டியாகிவிட்டது. கீறல் தெரியாதபடி கால்மிதியைப் பசை போட்டு ஒட்டுவது வரை, கதவை மாற்றிய மனிதர் எல்லாவற்றையும் யோசித்திருந்தார். ஒன்றைத் தவிர.

"நீயே திறம்மா" என்றார் ஊசி.

பெண் தாழ்ப்பாளை நீக்கினாள். சிவப்பு எழுத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். ஒரு கணம் தயங்கினாள்; அந்தப் பக்கமிருந்து ஏதாவது அழுத்துமோ என்று காத்திருந்த மாதிரி இருந்தது. எதுவும் அழுத்தவில்லை.

"தள்ளு மாமா," என்று முணுமுணுத்தாள் துப்புரவுக்காரி.

பெண் தன் பலம் முழுவதையும் கொடுத்துத் தள்ளினாள். கதவு வெளியே பாய்ந்து, பாதி தூரம்கூடப் போகாமல், டமாரென்று வெள்ளைக் காரின் மேல், அந்தப் பிறைத் தழும்பின் மேலேயே, மோதி நின்றது.

மறுகணம் காரின் அலாரம் அலற ஆரம்பித்தது. கட்டடம் முழுவதும் கேட்டது. வாசகர்கள் புத்தகத்தை விட்டு எழுந்தார்கள். மாடியில் ஜன்னல்கள் திறந்தன. தீப்பிடித்த அன்றைக்கு வாயே திறக்காத மணி, இன்றும் சுவரில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டடத்தில் ஒழுங்காகப் பராமரித்து வைத்திருந்த ஒரே அலாரம் இதுதான் போலிருக்கிறது.

நடைகூடத்தில் தடதடவென்று காலடி. நிர்வாகி மூச்சிரைக்க ஓடி வந்தார். சட்டை மடிப்பு கலைந்திருந்தது.

"யாரு? யாரு கதவைத் திறந்தது? எத்தனை தடவை சொல்றது, அந்தக் கதவு என் காரை இடிக்குதுன்னுதானே நான் அப்பவே உள்பக்கமா மாத்தி..."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே கேட்டுவிட்டது. வாய் திறந்தபடி நின்றது. அவருக்குப் பின்னால் கூடத்து வாசல் முழுவதும் வாசகர்கள் நின்றிருந்தார்கள்.

அந்தப் பெண், கதவின் மேல் வைத்த கையை எடுக்காமல், நிர்வாகியைப் பார்த்துக் கேட்டாள்.

"எங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சார்? 'இழு'ன்னு?"